வாதக் கட்டுரையின் அமைப்பு: கோலார் தங்கவயல் தமிழ்ப் பௌத்த உரைநடையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பள்ளி மாணவர் எழுதும் கட்டுரை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று உறுப்புகளை உடையதாதல் வேண்டும் என்பது தமிழாசிரியர் அனைவரும் கற்பிக்கும் பாடமாகும். தேர்வு வினாத்தாளில் பெரும்பாலும் ஒரு குறிப்புச் சட்டகம் தரப்படுகிறது. மாணவர் அச்சட்டகத்தில் உள்ள சிறுதலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நான்கைந்து தொடர்களால் நிரப்பி, ஒரு பழமொழியோடு முடிக்கின்றனர். ஒரு விழாவையோ தலைவர் ஒருவரின் வாழ்வையோ விவரிப்பதற்கு இம்முறை போதுமானது. ஆனால் ஒரு கருத்தைப் படிப்பவர் ஏற்குமாறு நிறுவ வேண்டிய இடத்தில் இம்முறை உதவுவதில்லை. உறுப்புகள் இருக்கின்றன, ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குக் காரணமாக நிற்பதில்லை. மாற்றுக் கருத்துடையார் ஒருவர் இருக்கக்கூடும் என்ற நினைவும் அக்கட்டுரைகளில் காணப்படுவதில்லை.

இக்குறையை நீக்க விழைவோர் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நூல்களை நாடுவது இயல்பாக உள்ளது. அந்நூல்களால் பயன் உண்டு. எனினும் வாதத்தின் உறுப்புகளைப் பற்றிய தெளிவான இலக்கணம் தமிழிலேயே உண்டு. வாதக் கட்டுரையை எளிய மக்களின் வாழ்க்கைத் தேவைக்காகக் கையாண்ட அண்மைக் கால வரலாறும் தமிழுக்கு உண்டு. அவ்வரலாற்றின் முதன்மையான களங்களுள் ஒன்று கருநாடகத்திலுள்ள கோலார் தங்கவயல். அங்கு வேரூன்றிய தமிழ்ப் பௌத்த இயக்கத்தின் உரைநடையைத் தமிழ் வாத இலக்கணத்தோடு பொருத்திக் காண்பதும், அதிலிருந்து பள்ளிக் கட்டுரைப் பயிற்சிக்குக் கொள்ளத்தக்கவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் வாத இலக்கணம்

நூல் எழுதுவோனுக்குரிய இலக்கணத்தை நன்னூற் பாயிரம் தொகுத்துரைக்கின்றது. அங்குக் கூறப்படும் எழுவகை மதங்கள் இங்குக் கருதத்தக்கன. மதம் என்பது இவ்விடத்துச் சமயத்தைக் குறிக்காது. கொள்கை எனப் பொருள்படும். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், தானே ஒரு கொள்கையை நாட்டி அதனை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிதல் முதலியன அவ்வேழனுள் அடங்கும். அவற்றுள் வாதக் கட்டுரைக்கு உயிராக அமைவது, பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின்னர் அதனைக் களைதல் என்பதாகும். மறுத்தல் வேறு, மேற்கொண்டு களைதல் வேறு எனப் பவணந்தியார் இரண்டையும் தனித்தனியே எண்ணியுள்ளார். எதிர்க்கருத்தை அதற்குரிய வலிமையோடு எடுத்துரைத்து, அதன் வழியே சென்று, அது நில்லாமையைக் காட்டுதல் பின்னதன் இயல்பு எனக் கொள்ளலாம்.

அப்பாயிரமே பதின்வகைக் குற்றங்களையும் எண்ணுகின்றது. மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகிய மூன்றும் இன்றைய மாணவர் கட்டுரைகளைக் கண்டு எழுதியனவோ என எண்ணுமளவிற்குப் பொருந்துகின்றன. தொடக்கத்தில் விரிந்து, நடுவில் வேறொரு பொருளுக்குத் தாவி, இறுதியில் வலியிழந்து முடியும் கட்டுரைகளைத் திருத்தாத தமிழாசிரியர் இலர்.

நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் அமராபரணன் என்பதைச் சிறப்புப் பாயிரம் உரைக்கின்றது. அவன் கங்கர் மரபினன். கங்கர் தம் பட்டப்பெயர்களுள் குவளாலபுரத்துக்குத் தலைவர் என்பதனையும் வழங்கினர். குவளாலபுரம் என்பது இன்றைய கோலார். தமிழ் வாத இலக்கணத்தைத் தொகுத்த நூலின் புரவலனுக்கும், பல நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ் வாத உரைநடை செழித்த நிலப்பகுதிக்கும் இடையே அமைந்த இவ்வூர்ப்பெயர்த் தொடர்பு தற்செயலானதே. எனினும் அப்பகுதிக்குத் தமிழோடுள்ள உறவு சுரங்கத்தோடு தொடங்கியதன்று என்பதை அது நினைவூட்டுகின்றது.

வாதத்தின் உறுப்புகளை நன்னூலினும் நுணுக்கமாக விளக்குவது மணிமேகலை. காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலை அறிவுறுத்தும் இருபத்தொன்பதாம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் கூறப்படுகின்றன. நிறுவ விரும்பும் கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு திட்டாந்தம். எடுத்துக்காட்டைக் கூற்றோடு பொருத்துதல் உபநயம். முடிவு கூறல் நிகமனம். எதிரே தோன்றும் மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை உண்மையால் என்பது ஏது. அடுக்களையில் புகையும் நெருப்பும் ஒருங்கு காணப்படுதல் திட்டாந்தம். இறுதி இரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்பது அறவண அடிகள் காட்டும் பௌத்தர் கொள்கை. ஆகவே கூற்று, காரணம், எடுத்துக்காட்டு என்னும் மூன்றுமே வாதத்தின் இன்றியமையாத உறுப்புகளாகின்றன.

இவை ஒவ்வொன்றும் பழுதுபடும் வகைகளையும் அக்காதை விரித்துரைக்கின்றது. பக்கப் போலி ஒன்பது. ஏதுப் போலி மூவகைப்பட்டுப் பதினான்காக விரியும். திட்டாந்தப் போலி இருவகைப்பட்டுப் பத்தாக விரியும். வாதம் செய்யக் கற்பிப்பதோடு அமையாது, வாதம் எவ்வெவ்விடத்துப் பிழைபடும் என்பதையும் கற்பித்தல் இந்நூலின் தனிச்சிறப்பாகும்.

வியாசமும் கண்டனமும்

அச்சுக்கலை பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் வாத உரைநடை பெரும்பாலும் சமயப் பூசல்களின் வழியே வளர்ந்தது. கிறித்தவப் பணியாளரின் சைவ மறுப்புகளுக்கு விடையாக 1854இல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இதற்குச் சிறந்த சான்று. எதிர்ப்பக்கத்தார் கூற்றை எடுத்துக்கொண்டு, அவர்தம் நூல்களைக் கொண்டே விடை கூறும் முறையை அந்நூலில் காணலாம். இவ்வகை எழுத்துகள் கண்டனம் எனப்பட்டன.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலப்பட்ட கட்டுரையோ வியாசம் என்னும் பெயரால் வேறொரு வழியில் வளர்ந்தது. ஆங்கிலக் கட்டுரையாளரை முன்மாதிரியாகக் கொண்டு, அமைதியாக எண்ணிப் பார்க்கும் நடையை அது மேற்கொண்டது. அடிசனின் ஆங்கிலக் கட்டுரைகளைத் தழுவி மறைமலையடிகள் வெளியிட்ட சிந்தனைக் கட்டுரைகள் 1908ஆம் ஆண்டைச் சார்ந்தது. இவ்வகை நூல்கள் தமிழ் உரைநடைக்குச் செய்த நன்மை பெரிது. ஆயினும் பள்ளிக் கட்டுரை வியாசத்தின் வழியில் வந்தமையால், கண்டன மரபில் பயின்ற வாத உறுப்புகள் வகுப்பறைக்குள் நுழையாமலே போயின எனலாம்.

சிந்தனைக் கட்டுரைகள் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் கிழமை இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). மறு ஆண்டில் அவ்விதழ் தமிழன் எனப் பெயர் பெற்றது. வியாசத்தின் அமைதியை விடக் கண்டனத்தின் வேகத்தையே இவ்விதழ் தன் இயல்பாகக் கொண்டது. ஆனால் கண்டன நூல்களைப் போலப் புலவர்க்காக மட்டும் அது எழுதப்படவில்லை.

தங்கவயலும் தமிழனும்

மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி 1880இல் தொடங்கப்பெற்றது. ஜான் டெய்லர் அண் சன்ஸ் நிறுவனத்தாரின் மேலாண்மையில் சுரங்கத் தொழில் வளர்ந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் உழைத்தோருள் பெரும்பான்மையர் வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர். அவருள்ளும் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குடியினர். ஊரின் நிலவுடைமைக் கட்டிலிருந்து விடுபட்டுக் கூலியைப் பணமாகப் பெற்ற இம்மக்கள், தங்களுக்கென ஓர் அறிவுலகை அமைத்துக்கொள்ள முற்பட்டனர்.

அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவ்வியக்கத்தின் வலிமை வாய்ந்த கிளைகள் தங்கவயலில், குறிப்பாக மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில், அமைந்தன. தமிழன் இதழுக்குத் தங்கவயலிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசகர் இருந்தனர். 1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் இதழ் நெடுங்காலம் நீடிக்கவில்லை. பின்னர் 1926இல் தங்கவயலைச் சார்ந்த ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தும் மறுபதிப்புச் செய்தும் காத்தது. ஞான. அலாய்சியஸ் 1999 முதல் தொகுத்து வெளியிட்ட அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளால் இவ்வெழுத்துகள் ஆய்வுலகின் பரந்த கவனத்தைப் பெற்றன. அதற்கு முன்னர் அவை அழியாது நிலைத்தமைக்குத் தங்கவயல் தொழிலாளரின் உழைப்பும் ஒரு முதன்மைக் காரணமாகும்.

அக்கால இதழ் வாசிப்பில் படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர் என்பது பொது வழக்கம். எழுத்தறியாதவரும் கேட்டு ஏற்கத்தக்கவாறு, அதே வேளையில் கற்றறிந்த எதிர்ப்பக்கத்தார் எளிதில் தள்ளிவிட இயலாதவாறு எழுத வேண்டிய நெருக்கடி இவ்வெழுத்தாளர்க்கு இருந்தது. தெளிவான அமைப்பு அவர்களுக்கு அலங்காரம் அன்று, தேவை.

வாத அமைப்பு: இரு சான்றுகள்

தமிழன் எழுத்தாளர் மணிமேகலையின் அளவைக் காதையை முன்வைத்துக்கொண்டு எழுதினர் என்பது இக்கட்டுரையின் துணிபன்று. அவர்களின் எழுத்து அவ்வுறுப்புகளுக்குப் பொருந்தி நிற்கின்றது என்பதே இங்குக் கூறப்படுவது.

முதற் சான்று 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியது. தாழ்த்தப்பட்டோர் தம்மை இந்துக்கள் எனப் பதிவு செய்தல் கூடாது. பௌத்தர் எனப் பதிதல் வேண்டும் என அயோத்திதாசர் வலியுறுத்தினார். அவ்வாதத்தின் போக்கைப் பின்வருமாறு சுருக்கலாம். இம்மக்கள் இந்துக்கள் அல்லர் என்பது பக்கம். இந்துக்களுக்கு உரியனவாகக் கூறப்படும் வழிபாட்டுரிமைகள் இவர்களுக்கு இல்லாமை ஏது. கோயிலினுள் புக இயலாமை, பொதுக் கிணற்றில் நீர் எடுக்க இயலாமை முதலிய அன்றாட நிகழ்ச்சிகள் திட்டாந்தம். திட்டாந்தம் யாவரும் ஒப்புக்கொள்வதாக இருத்தல் வேண்டும் என்பது அளவை நூல் கருத்து. கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்ததை எதிர்ப்பக்கத்தாரும் மறுக்க இயலாது. எனவே இவ்வாதம் வலுவான நிலத்தில் நிற்கின்றது. எண்ணிக்கைக்காக நம்மவர் என்பதும், உரிமைக்கு வரும்போது அயலார் என்பதும் மாறுகொளக் கூறலாகும் என்ற குறிப்பு அதனுள் அடங்கியுள்ளது. எதிர்ப்பக்கத்தார் கூற்றை ஏற்றுக்கொண்டு, அதன் விளைவைக் காட்டி, அதனைக் களையும் முறை இது.

இரண்டாம் சான்று தீபாவளி பற்றியது. வழங்கிவரும் நரகாசுரன் கதையை மறுத்து, எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தர் கண்டறிந்ததன் நினைவுநாளே அது என அயோத்திதாசர் பொருள் கூறினார். அந்நாளில் எண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கம் அவர் கொள்கைக்கு இயைந்த சான்றாக நிற்கின்றது. கேட்போர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் கண்ட ஒரு வழக்கத்தோடு வாதம் இணைக்கப்படுவதால் அது உடனே மனங்கொள்ளப்படுகின்றது. ஆயினும் அளவை நூலின் துணைகொண்டு நோக்கினால் இவ்வேது ஐயத்திற்கிடமாகின்றது. எண்ணெய் முழுக்கு வேறு நாள்களிலும் தமிழரிடையே வழங்குகின்றது. நிறுவவேண்டிய பொருள் உள்ள இடத்தும் இல்லாத இடத்தும் செல்லும் காரணத்தை மணிமேகலை அநைகாந்திகம் என்னும் ஏதுப் போலியாகக் கூறும். இவ்விடத்து அயோத்திதாசரின் விளக்கம், புராணக் கதையின் ஏற்புடைமையை வினவுவதில் வெற்றி பெறுகின்றது; தன் வரலாற்றுக் கொள்கையை நிறுவுவதில் அதே அளவு வெற்றி பெறவில்லை எனல் தகும். சொல்லாராய்ச்சி வழியாக அவர் கண்ட முடிவுகள் பலவற்றையும் இவ்வாறே தனித்தனியாக ஆராய்தல் வேண்டும்.

இவ்விரு சான்றுகளையும் ஒப்பிடுவதால் ஓர் உண்மை புலனாகின்றது. ஓர் ஆசிரியரே இரு வாதங்களை ஒத்த அமைப்பில் எழுதும்போதும், அவற்றின் வலிமை காரணத்தின் தகுதியைப் பொறுத்து வேறுபடுகின்றது. அமைப்பு வாதத்தை வெல்லச் செய்யாது. வாதத்தைப் பிறர் ஆராய்தற்கு உரியதாக்கும். மாணவர்க்கு முதலில் உணர்த்தத்தக்கது இதுவே.

வகுப்பறைக்குக் கொள்ளத்தக்கன

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பள்ளிக் கட்டுரைக்கு ஒரு முறையை வகுத்துக்கொள்ளலாம். தங்கவயல் மாணவர் நன்கறிந்த ஒரு பொருளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பொன் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மணல் அங்கு மேடு மேடாக நிற்கின்றது. மக்கள் அதனைச் சயனைடு மேடு என்பர். காற்றடிக்கும் காலத்தில் அதன் புழுதி வீடுகளில் படிகின்றது. இதனைப் பற்றி எழுதச் சொன்னால், சுற்றுச்சூழலின் பெருமை என்னும் முன்னுரையோடு தொடங்கி, நிலம், நீர், காற்று ஆகியவற்றின் மாசுகளை வரிசையாக விளக்கி, மரம் வளர்ப்போம் என முடிக்கும் கட்டுரையே பெரும்பாலும் கிடைக்கும். அது மற்றொன்று விரித்தலாகும்.

முதற்கண், கூற்று ஒன்றாகவும் மறுக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். மாசு தீது என்பதை மறுப்பவர் இலர். ஆகவே அது பக்கம் ஆகாது. குடியிருப்புகளை ஒட்டிய மேடுகளை மரங்களால் மூடிப் புழுதியைத் தடுத்தல் வேண்டும் என்பது பக்கமாகும். ஏனெனில் அதனை ஏற்காதவரும் உளர்.

இரண்டாவது, காரணம் கூற்றோடு நேரடியாகப் பொருந்துதல் வேண்டும். மரம் மழை தரும் என்பது பொதுவுண்மையாயினும் இங்கு ஏது ஆகாது. வேர் மணலைப் பிணித்து நிறுத்தும், இலை காற்றின் விரைவைக் குறைக்கும் என்பனவே ஏதுக்கள். இக்காரணம் வேறிடத்தும் பிழையின்றிச் செல்லுமா என மாணவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, எடுத்துக்காட்டு படிப்பவர் ஒப்பும் தன்மையது ஆதல் வேண்டும். புல்லும் புதரும் முளைத்த சரிவையும் வெறும் மணற்சரிவையும் மாணவர் காற்று நாளில் நேரிற் கண்டு ஒப்பிட்டு எழுதலாம். ஒன்று உடன்பாட்டு எடுத்துக்காட்டு. மற்றையது எதிர்மறை எடுத்துக்காட்டு. மணிமேகலை இவ்விரண்டனையும் சாதன்மியம், வைதன்மியம் எனப் பிரித்துக் கூறும். மேற்கோள்களை அடுக்குவதினும் நேரிற் கண்ட இவ்விரு காட்சிகள் வலியன.

நான்காவது, பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல் வேண்டும். அம்மேடுகளில் இன்னும் பொன் எஞ்சியுள்ளது. அவற்றை மீண்டும் பதப்படுத்தினால் வேலைவாய்ப்புப் பெருகும் என்பது எதிர்க்கருத்து. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கழிவு மேடுகளிலிருந்து பொன் எடுக்கும் திட்டத்திற்குக் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது. சுரங்கம் மூடப்பட்டபின் வேலையிழந்த ஊரில் இக்கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. மாணவர் இதனை நேர்மையாக எடுத்துரைத்து, பின்னர் விடை கூறுதல் வேண்டும். பொன் எடுக்கும் நாள் வரை புழுதியைத் தாங்குவோர் யார் என வினவலாம். எடுக்கப்படும் மேடு, எடுக்கப்படாத மேடு எனப் பிரித்துத் தம் கூற்றையே சுருக்கிக்கொள்ளலாம். எதிர்க்கருத்தைச் சந்தித்தபின் கூற்று திருந்துமாயின் அது தோல்வியாகாது.

ஐந்தாவது, முடிவுரை பக்கத்திற்குத் திரும்புதல் வேண்டும். நிகமனம் என்பது முதலில் கூறியதையே, காரணம் பெற்ற நிலையில் மீண்டும் கூறுதலாகும். யார், எதனை, எப்போது செய்தல் வேண்டும் என்பது அங்குத் தெளிவுபட்டால் கட்டுரை சென்று தேய்ந்திறாது.

பழைய அளவை நூற் சொற்கள் மாணவர்க்குச் சுமையாகும் என்ற தடை எழலாம். அது நியாயமானதே. பெயர்களைக் கற்பிக்க வேண்டியதில்லை. என்ன சொல்கிறாய், ஏன் சொல்கிறாய், எங்கே கண்டாய், மறுப்பவர்க்கு என்ன விடை என்னும் நான்கு வினாக்களே போதும். தமிழன் எழுத்துகள் ஒருபக்கச் சார்புடையன. அவற்றை மாதிரியாகக் காட்டலாமா என்ற தடையும் எழலாம். வாதக் கட்டுரை சார்பற்றிருத்தல் இயலாது. சார்பை மறைக்காது வெளிப்படக் கூறிக் காரணத்தால் தாங்குதலே அதன் நேர்மை. அவ்வெழுத்துகளை ஏற்கவும் மறுக்கவும் மாணவரைப் பழக்கினால் இரண்டு வழியிலும் பயிற்சி கிட்டும்.

முடிவுரை

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் மக்களில் பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூர் சென்று உழைத்து மீள்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் தமிழ் பயிலும் மாணவரும் குறைந்துவருகின்றனர். வேலை, குடியிருப்பு, மொழிக் கல்வி ஆகியவற்றிற்காக அதிகாரிகளுக்கும் அரசுக்கும் விண்ணப்பம் எழுத வேண்டிய தேவை அம்மக்களுக்கு இன்றும் உள்ளது. அத்தேவையை நிறைவேற்றும் எழுத்தாற்றலை, நூறாண்டுகளுக்கு முன் அதே ஊரில் நிலத்தடியில் உழைத்தோர் தம் கூலியிலிருந்து பேணி வளர்த்தனர் என்பதை அவ்வூர் மாணவர் அறிதல் வேண்டும்.

தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினர் வியாச மரபோடு கண்டன மரபையும் கட்டுரைப் பயிற்சியில் சேர்த்தல் வேண்டும். தமிழன் இதழ்க் கட்டுரை ஒன்றினையும் அதனை மறுக்கத்தக்க கருத்து ஒன்றினையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் எடைபோட்டுத் தம் துணிபை எழுதுமாறு மேல்நிலை வகுப்பு மாணவரைக் கேட்கலாம். குறிப்புச் சட்டகம் இல்லாத அவ்வினாவுக்கு அவர்கள் எழுதும் விடையே, அவர்கள் கற்ற தமிழ் அவர்கள் வாழ்க்கைக்கு உதவுமா என்பதைக் காட்டும்.